கொடை ரோட்டில் இறங்கி, பழனியில் ரயில் ஏறினால்? கார் இல்லாமல் ஒரு மலையைக் கடக்கும் 4 நாள் பயணம்

கொடைக்கானல் போகிற கனவோடு ரயிலில் வந்து, ‘கொடைக்கானல் ரோடு’ என்ற பலகையைப் பார்த்து முதல்முறை இறங்குபவர்களுக்கு பிளாட்பாரத்திலேயே ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். குளிர் இல்லை. பனிமூட்டம் இல்லை. பையில் இருக்கும் ஸ்வெட்டரை நினைத்தாலே வியர்க்கும். ஸ்டேஷன் இருக்கும் ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர். கொடைக்கானல் அங்கிருந்து இன்னும் 80 கி.மீ. தூரம். உயரத்தில் சொன்னால், கிட்டத்தட்ட 1,800 மீட்டர் மேலே.

அந்த 80 கி.மீ. தூரத்தைத்தான் பெரும்பாலானவர்கள் தூங்கியோ, கார் ஸ்டியரிங்கைப் பிடித்து ஹாரன் அடித்தோ கடந்துவிடுகிறார்கள். ஏரி, பைன் காடு, தூண் பாறை, செல்ஃபி, பிறகு அதே சாலையில் திரும்பி வீடு. பழனி மலை என்பது தமிழ்நாட்டின் இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவே நிற்கும் சுவர் என்பது இந்தப் பயணத்தில் கண்ணில் படுவதே இல்லை.

அதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்க வேண்டும். சென்னை எழும்பூரில் ரயில் ஏறி கொடை ரோடு, அங்கிருந்து பஸ்ஸில் கொடைக்கானல், பிறகு பழனி மலைச்சாலை வழியாக இறங்கி, பழனியில் ரயில் பிடித்து சென்னை சென்ட்ரல். போன பாதையில் திரும்பாத முழு வட்டம் இது.

இப்போது ஏன் இந்தப் பாதை?

காரணம், இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் மட்டுமே என்று நீதிமன்றம் எண்ணிக்கையை நிர்ணயித்தது. உள்ளூர் வாகனங்களுக்கு இதில் விலக்கு உண்டு. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் விலக்கு உண்டு.

4,000 என்பது எவ்வளவு? ஒரு காரின் நீளம் இடைவெளியோடு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 4,000 கார்களை வரிசையாக நிறுத்த 20 கி.மீ. சாலை வேண்டும். கொடைக்கானல் ஏரியின் சுற்றளவு சுமார் 5 கி.மீ. அதாவது ஏரியைச் சுற்றி நான்கு வரிசை கார்கள். வார இறுதிக் கணக்குப்படி ஆறு வரிசை. இது குறைக்கப்பட்ட பிறகு உள்ள எண்ணிக்கை!

2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. ஒரு காருக்கு 4 பேர் என்றால் 6,000 வாகனங்களில் வருபவர்கள் 24,000 பேர். ஊரில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான கூட்டம் ஒரே நாளில் வந்து இறங்குகிறது. அவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும், போட்ட குப்பையை யாராவது எடுக்க வேண்டும்.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. டாக்சி ஓட்டுபவர்கள், காட்டேஜ் நடத்துபவர்கள், சாக்லேட் விற்பவர்கள் எல்லோருக்கும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களில்தான் வரும். ‘கூட்டம் குறைஞ்சா எங்க பொழப்பு என்னாகும்?’ என்ற அவர்களின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: நீதிமன்றம் எண்ணியது வாகனங்களை, மனிதர்களை அல்ல. 50 பேர் ஒரு பஸ்ஸில் ஏறினால் மலைச்சாலையில் 12 கார்கள் குறைகின்றன. மேலே போனதும் அறை எடுப்பதும் சாப்பிடுவதும் அதே 50 பேர்தான்.

நாள் 1, காலை: ஜன்னலோரம் 450 கி.மீ.

சென்னையில் இருந்து கொடைக்கானல் போக பலரும் தேர்ந்தெடுப்பது இரவில் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடிவதற்கு முன்பே கொடை ரோட்டில் இறக்கிவிடும். வசதிதான், ஆனால் வழியில் எதையும் பார்க்க முடியாது. பகல் ரயில் என்றால் கதை வேறு. 2019-ல் தொடங்கிய எழும்பூர் - மதுரை தேஜஸ் ரயிலுக்கு கொடை ரோட்டில் நிறுத்தம் கொடுக்கப்பட்டது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். நிறுத்தங்களும் நேரமும் அவ்வப்போது மாறும் என்பதால் முன்பதிவுக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

செங்கல்பட்டில் தண்டவாளத்தை ஒட்டியே கொளவாய் ஏரி. விழுப்புரம் தாண்டி விருத்தாசலம் வழியாக அரியலூர் வந்ததும் மண்ணின் நிறம் மாறும். சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்றைக்கு சிமென்ட் மூட்டையாக லாரி ஏறுகிறது. கடல் உயிரினங்களின் தொல்லுயிர் எச்சங்கள் இங்கே வயல்களிலும் ஓடைகளிலும் கிடைத்திருக்கின்றன.

அடுத்து கொள்ளிடம், காவிரி என்று இரண்டு பாலங்கள். திருச்சி மலைக்கோட்டை தெரிந்து மறையும். மணப்பாறை தாண்டினால் நெல் வயல்கள் பின்தங்கி, முள்ளும் கரடும் பனையும் முன்னுக்கு வரும். திண்டுக்கல்லில் ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறையாக நிற்கும் கோட்டை.

திண்டுக்கல் தாண்டியதும் போனை கீழே வைத்துவிட வேண்டும். இடப்பக்கம் சிறுமலை. வலப்பக்கம், தொலைவில் நீல நிறத்தில் நீண்டுகொண்டே போகும் சுவர்தான் பழனி மலைத்தொடர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமலைப் பகுதியில் இருந்து கிழக்கே பிரிந்து வரும் கிளை இது. கிழக்கு மேற்காக சுமார் 65 கி.மீ. நீளம். மேற்கில் உயரமான மேல்பழனி, கிழக்கில் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரமுள்ள கீழ்ப்பழனி. மிக உயர்ந்த சிகரமான வந்தரவு 2,533 மீட்டர்.

‘ரோடு’ என்று ஏன் பெயர்?

ஊட்டிக்கு மலை ரயில் உண்டு. மேட்டுப்பாளையத்தில் இருந்து 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை போய்ச் சேர்ந்தது. கொடைக்கானலுக்கு ரயில் கடைசிவரை போகவில்லை. 1875-ல் தெற்கே மதுரை நோக்கிப் போட்ட பாதையில், மலைக்குப் போக இறங்க வேண்டிய இடம் என்பதால்தான் ஸ்டேஷனுக்கு ‘கொடைக்கானல் ரோடு’ என்று பெயர். நாசிக் ரோடு, அபு ரோடு என்ற பெயர்களும் இதே வகைதான். ஊருக்குள் ரயில் வராது, ஊருக்குப் போகும் சாலை இங்கிருந்து தொடங்கும் என்று பொருள்.

ஆனால் அன்று சாலையும் சரியாக இல்லை என்பதுதான் வேடிக்கை. ரயிலில் வந்து இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் பெரியகுளம் அருகே மலையடிவாரத்தில் உள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரை போக வேண்டும். அங்கிருந்து மலையேற்றம். அந்த ஒற்றையடிப் பாதைக்கு ‘கூலி காட்’ என்று பெயர். வசதி படைத்தவர்கள் மட்டக் குதிரையிலோ, நாற்காலியிலோ போனார்கள். அந்த நாற்காலியைத் தோளில் சுமந்து செங்குத்தான மலை ஏறியது கூலித் தொழிலாளர்கள். பாதையின் பெயரிலேயே அது இருக்கிறது.

வத்தலகுண்டு வழியாக வண்டி போகும் சாலைக்கான வேலை 1870-களில் மேஜர் லா என்ற அதிகாரி காலத்தில் தொடங்கியது. ‘லாஸ் காட்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வேலை நின்று நின்று நடந்து, 1910-களின் நடுவில்தான் சாலை முழுதாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பஸ் மூன்று மணி நேரத்தில் ஏறும் உயரத்துக்காக, ரயில் வந்த பிறகும் 40 ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்.

நாள் 1, மதியம்: ஜன்னலுக்கு வெளியே மாறும் காடு

கொடை ரோட்டில் நேரடி பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் வத்தலகுண்டு போய் மாற வேண்டும். வழியில் நிலக்கோட்டை. மல்லிகை உள்ளிட்ட பூக்களுக்கு இங்கே பெரிய சந்தை. வத்தலகுண்டு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயரும் ‘மணிக்கொடி’ பி.எஸ்.ராமையாவும் பிறந்த ஊர். பஸ் ஸ்டாண்டில் ‘கொடைக்கானல், கொடைக்கானல்’ என்று குரல் கேட்டதும் ஓடிப்போய் ஏறுகிற அவசரத்தில் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது என்பது வேறு விஷயம்.

காமக்காபட்டியில் மலை தொடங்கும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அதனால் கீழே 35 டிகிரி வெயிலில் ஏறியவர், மேலே 22, 23 டிகிரியில் இறங்குகிறார். காற்றுக்கு என்ன நடக்கிறதோ, அதுவே காட்டுக்கும் நடக்கிறது.

முதல் சில வளைவுகளில் முள்ளும் புதரும். கொஞ்சம் ஏறினால் கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். இன்னும் மேலே காபித் தோட்டங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். நடுநடுவே பலா, ஆரஞ்சு, வாழை, பட்டர் ஃப்ரூட். டம்டம் பாறைப் பகுதியில் எதிர் மலையில் வெள்ளைக் கோடு போல ஒன்று தெரிந்தால், அதுதான் எலிவால் அருவி என்றும் சொல்லப்படும் தலையாறு அருவி. 297 மீட்டர் உயரம் கொண்ட இது, தமிழ்நாட்டிலேயே மிக உயரமான அருவி. கீழே பளபளப்பது மஞ்சளாறு அணை.

பெருமாள்மலை வரும்போது ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். பின் சீட்டில் யாராவது ‘கவர் இருக்கா?’ என்று அவசரமாகக் கேட்பார்கள். மலைப் பஸ்ஸில் இதுவும் வழக்கமான காட்சிதான். நான்காவது நாள் இறங்கப்போகும் பழனி சாலை பிரிவதும் இதே பெருமாள்மலையில்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் கடந்தால் கொடைக்கானல்.

நாள் 2: ஊருக்குள், நடந்தே

கொடைக்கானலை ஆங்கிலேயர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று சொல்வது வழக்கம். 1821-ல் வார்டு என்ற சர்வேயர் நில அளவைக்காக மலையேறினார். ஆனால் அவர் போய்த் தங்கியதே வெள்ளகவி என்ற ஊரில்தான். அதாவது மக்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பளியர்கள் காட்டில் வாழ்ந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல்களில் விவசாயம் நடந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்கள் எழுப்பிய கற்திட்டைகள் பெருமாள்மலை, தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் நிற்கின்றன. சர்வேயர் தங்கிய அதே வெள்ளகவி, வண்டிச் சாலைக்காக அதன் பிறகு பல தலைமுறைகள் காத்திருந்தது. மளிகைச் சாமானும் மருத்துவமும் குதிரை முதுகிலும் மனிதர் தோளிலும்தான்.

1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டியதால் உருவானதுதான் ஏரி. இயற்கை ஏரி என்று பலர் நினைப்பது தவறு.

ஊரில் அதிகம் பேர் எட்டிப்பார்க்காத இடம், சூரிய ஆய்வு மையம். 1899-ல் தொடங்கப்பட்டது. சூரியப் புள்ளிகளில் இருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் கண்டறிந்தார். அந்த நிகழ்வுக்கு உலகம் முழுக்க இன்றும் அவர் பெயர்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் சூரியனைத் தொடர்ந்து படம்பிடித்து வைத்திருக்கும் சில மையங்களில் இது ஒன்று. பனிமூட்டத்துக்குப் பேர்போன ஊரில் சூரியனைப் பார்க்க ஒரு மையம்!

மதியத்துக்குப் பிறகு குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடக்கலாம். 1936-ல் கட்டப்பட்ட கோயில். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் பெயரில் அமைந்தது. 2006, 2018-ல் பூத்தது. அடுத்து 2030. பூ இல்லாத ஆண்டிலும் இங்கே பார்க்க ஒன்று இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் பழனி மலைக்கோயில், இன்னொரு பக்கம் வைகை அணை.

இந்தப் பயணத்தின் மையமே இந்தக் காட்சிதான். தெற்கே விழும் மழை மஞ்சளாறு, மருதாநதி, வராகநதி என்று ஓடி வைகையில் சேர்கிறது. வடக்கே விழும் மழை வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு, குதிரையாறு என்று இறங்கி, சண்முகநதியாகி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. மேலே சில கி.மீ. தூரத்தில் விழுந்த இரண்டு மழைத்துளிகளில் ஒன்று ராமநாதபுரம் பக்கமும் இன்னொன்று கரூர் பக்கமும் போகின்றன.

நாள் 3: புல்வெளி எங்கே போனது?

மூன்றாவது நாள் மேற்கே. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை 18 கி.மீ. மன்னவனூர் 35 கி.மீ. உள்ளூர் பஸ்கள் உண்டு, எண்ணிக்கை குறைவு. காலையில் முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் அன்று திரும்புவது சிரமம்.

பூம்பாறையைச் சாலையில் இருந்து பார்த்தால், பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக இறங்கும் வயல்கள். நடுவே நெருக்கமாக வீடுகள். குழந்தை வேலப்பர் கோயில். வயல்களில் முக்கியப் பயிர் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே விளையும் பூண்டு மலையின் தென்புறம் இறங்கி, தேனி மாவட்டம் வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறது.

மன்னவனூரில் பரந்த புல்வெளி, ஏரி, மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம். ‘சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கு’ என்று படம் எடுப்பவர்கள் அதிகம். உண்மையில் இது சுவிட்சர்லாந்து மாதிரி இல்லை. ஒரு காலத்தில் மேல்பழனியே பெருமளவு இப்படித்தான் இருந்தது. மேடுகளில் புல்வெளி, மடிப்புகளில் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் மெதுவாக ஓடைக்கு விடுவது இந்த இரண்டும் சேர்ந்த அமைப்புதான்.

ஆனால் ‘மரம் இல்லாத நிலம் வெறும் நிலம்’ என்ற எண்ணத்தில், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரங்களும், தொழிற்சாலைகளுக்கான மரக்கூழுக்காகவும் விறகுக்காகவும் யூகலிப்டஸ், பைன் மரங்களும் பல பத்தாண்டுகள் நடப்பட்டன. 1973 முதல் 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இந்த 40 ஆண்டுகளில் மறைந்துவிட்டதாகச் சொன்னது. சோலைக்காடும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. காரணம், மரத் தோட்டங்களும் விவசாயமும். வாட்டில் மரம் ஒருமுறை வேர்விட்டால் நிற்காது. யாரும் நடாமலேயே அடுத்த புல்வெளிக்குப் பரவும்.

அதாவது, பயணிகள் ‘இயற்கை அழகு’ என்று படம் எடுக்கும் பைன் காடு, அந்த மலையின் இயற்கையே அல்ல. மலையின் சுமார் 600 சதுர கி.மீ. பரப்பு 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அயல் மரங்களை எப்படி, எவ்வளவு வேகமாக அகற்றுவது என்பது இன்னும் முடியாத விவாதம். மொத்தமாக வெட்டினால் மண் சரியும், வெளிச்சம் பட்ட இடத்தில் வாட்டில் விதைகளே மீண்டும் முளைக்கும். விட்டுவைத்தால் புல்வெளி போகும்.

நாள் 4: வடக்கே இறங்கும் சாலை

கொடைக்கானலில் இருந்து பழனிக்கு 64 கி.மீ., சுமார் மூன்று மணி நேரம். பெருமாள்மலையில் வத்தலகுண்டு சாலையை விட்டு பஸ் இடது பக்கம் வடக்கே திரும்பும். உடனே கூட்டம் குறைந்துவிடும். வடகவுஞ்சிப் பக்கம் காபி, மிளகு, வாழை. இறங்க இறங்க காற்று சூடாகி, காடு வறண்டு, முதல் நாள் பார்த்த முள்ளும் புதரும் தலைகீழ் வரிசையில் திரும்ப வரும்.

இந்தச் சரிவின் முக்கிய விளைச்சல் மலைவாழை. விருப்பாச்சி, சிறுமலை என்று இரண்டுக்குமே 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிக்கொத்து நோய் தாக்கி ஒரு கட்டத்தில் அழியும் நிலைக்குப் போன ரகம் இது. அந்த வாழைப்பழம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்தின் ஆதாரம். தண்ணீர் சத்து குறைவு என்பதால் சீக்கிரம் கெடாது. 2019-ல் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு வந்தது. தமிழகத்தில் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. மலையில் வாழை இல்லை என்றால் அடிவாரத்தில் பிரசாதம் இல்லை.

கடைசி வளைவுகளில் கீழே வரதமாநதி அணை தெரியும். அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள், நெல் வயல்கள், நடுவே குன்றின் மேல் கோயில். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்கே உள்ள உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் இந்தச் சமவெளியில் மழை குறைவு. அப்படியிருந்தும் இத்தனை பச்சை எப்படி என்று கேட்டால், பதில் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் பஸ் கிளம்பிய அந்த மலைதான். மேலே புல்வெளியும் சோலையும் குறைந்தால், அடி விழுவது ஏரியில் படகு விடுபவருக்கு மட்டும் அல்ல. பாலாறு - பொருந்தலாறு தண்ணீரை நம்பி நாற்று விடும் விவசாயிக்கும்தான்.

பழனியில் 693 படி ஏறலாம். முடியாதவர்களுக்கு விஞ்ச், ரோப் கார் உண்டு. பராமரிப்புக்காக இவை அவ்வப்போது நிறுத்தப்படும் என்பதால் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மலைக்கோயிலில் இருந்து தெற்கே பார்த்தால், மூன்று இரவுகள் தங்கிய மலைத்தொடர் சுவர் போல நிற்கும். முதல் நாள் ரயிலில் இருந்து பார்த்த அதே சுவர், இப்போது மறுபக்கம்.

பாலக்காட்டில் இருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக வரும் சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸ் மாலையில் பழனியைத் தொடும். பல ஆண்டுகள் அகலப்பாதை வேலைக்காக மூடிக்கிடந்த தடம் இது. திண்டுக்கல் - பழனி முதலில் திறக்க, பழனியில் இருந்து பொள்ளாச்சி, பாலக்காடு வரையான பகுதி 2015-ல் திறந்தது. ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி வழியாக ரயில் காலையில் சென்னை சேரும்.

கரூர் தாண்டி, நாமக்கல் போகும் வழியில் ரயில் காவிரியைக் கடக்கும். அப்போது பெட்டியில் பெரும்பாலானவர்கள் தூங்கியிருப்பார்கள். பழனி மலையின் வடசரிவில் விழுந்து, வரதமாநதியில் இறங்கி, சண்முகநதி வழியாக அமராவதிக்குப் போன தண்ணீர், கரூர் அருகே இந்தக் காவிரியில்தான் கலக்கிறது.

கிளம்பும் முன் கவனிக்க

* அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவையில்லை. சொந்த வாகனமோ வாடகைக் காரோ என்றால் தேவை. விதிகள் சீசனுக்கு ஏற்ப மாறும், கிளம்பும் வாரம் சரிபார்க்கவும்.

* 5 லிட்டர் வரையான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை உண்டு. பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோனால் தொல்லை இல்லை.

* ஏப்ரல், மே தவிர்த்தால் ரயில் டிக்கெட்டும் அறையும் எளிதாகக் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மலைச்சாலையில் மண் சரிவு ஏற்படலாம், கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும்.

* மலைப் பஸ்ஸில் தலைசுற்றுபவர்கள் முன்பக்க சீட்டில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

* ரயிலில் போகும்போது வலப்பக்க ஜன்னல். பழனி மலை அந்தப் பக்கம்தான் தெரியும்.